உப்பளத்துக்கு நேர் தெற்கே

புதுச்சேரி உப்பளத்திலிருந்து நேர் தெற்காக ஒரு கோடு இழுத்தால் அது நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கமாக இறங்கி, மன்னாரையும் புத்தளத்தையும் கொழும்பையும் ஏறக்குறையத் தொட்டுக்கொண்டு இந்துமாக்கடலுக்குள் போகும். அதன்பின் எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தரையே கிடையாது. அடுத்து வருவது கிழக்கு அண்டார்டிகாவின் பனிக்கரை. இந்தியா 2012-ல் திறந்த பாரதி ஆய்வு நிலையம் அந்தக் கோட்டுக்குச் சற்று மேற்கே, லார்ஸ்மன் குன்றுகளில் இருக்கிறது. இன்னும் மேற்கே போனால் ஆஸ்திரேலியர்களின் மாசன் நிலையம். அதன் முதுகுப் பக்கம், பனிவிரிப்பைக் கிழித்துக்கொண்டு நிற்கும் ஃப்ராம்னஸ் மலைவரிசை. இந்தக் கட்டுரை அந்த மலைகளின் கல்லைப் பற்றியது. அந்தக் கல்லுக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் சென்னைப் பல்லாவரத்துக் கல்லுக்கு இடப்பட்ட பெயர் என்பதுதான் இதை எழுதக் காரணம்.

அண்டார்டிகாவின் பரப்பில் சுமார் 98 விழுக்காடு பனிக்கு அடியில் கிடக்கிறது. பனியின் சராசரித் தடிமன் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். சில இடங்களில் நாலரைக் கிலோமீட்டரையும் தாண்டும். ஆல்ப்ஸ் அளவுக்கு ஒரு மலைத்தொடர், கம்பூர்ட்செவ் என்று பெயர், ஓர் உச்சிகூட வெளியே தெரியாமல் முழுக்க மூழ்கிக் கிடக்கிறது. 1958-ல் சோவியத் ஆய்வாளர்கள் நில அதிர்வலை அனுப்பித்தான் அப்படி ஒன்று இருப்பதைக் கண்டார்கள். இந்தியாவைப் போல நான்கு மடங்குக்கு மேல் பெரிய ஒரு கண்டத்தின் பாறையை நேரில் பார்க்கவும், சுத்தியலால் தட்டி எடுக்கவும், கிடைப்பவை கரையோரத்துச் சில குன்றுகளும் பனிக்கு மேலே தலைநீட்டும் தனிச்சிகரங்களும்தான். அந்தத் தனிச்சிகரங்களை நிலவியலாளர்கள் நுனாட்டாக் என்கிறார்கள், கிரீன்லாந்துக்காரர்களின் சொல். அண்டார்டிகாவின் நிலவியல் வரைபடத்தில் வண்ணம் பூசப்பட்டிருக்கும் பெரும்பகுதி, இந்தச் சிகரங்களிலிருந்து எடுத்த கைக்கற்களையும் அவற்றுக்கு இடையே போட்ட ஊகக் கோடுகளையும் நம்பி வரைந்தது. ராடாரும் காந்தப்புல அளவீடும் பனிக்கு அடியில் உள்ள தரையின் வடிவத்தைச் சொல்லும். கல்லின் வயதைச் சொல்லாது.

மாசன் நிலையம் 1954 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. (அதே ஆண்டு நவம்பரில்தான் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை நம்மிடம் ஒப்படைத்தார்கள்.) நிலையத்துக்குத் தெற்கே மேசன், டேவிட், கேசி என்று மூன்று வரிசைச் சிகரங்கள். காற்று பனியைத் துடைத்துத் துடைத்து அவற்றின் அடிவாரத்தில் ஆழமான அகழிபோலக் குடைந்திருக்கிறது. வெயில் பட்ட கல் சூடேறிச் சுற்றியுள்ள பனியை இன்னும் உருக்குகிறது. பாறை முழுக்கப் பழுப்பேறிய, பெரிய ஃபெல்ட்ஸ்பார் படிகங்கள் துருத்தி நிற்கும் சார்னோக்கைட். நிலவியல் நூல்களில் இதற்கு மாசன் சார்னோக்கைட் என்றே பெயர்.

சார்னோக்கைட் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு கல்லறை இருக்கிறது. கல்கத்தாவைத் தொடங்கியவராக ஆங்கிலேயர் சொல்லிவந்த ஜாப் சார்னக் 1693-ல் இறந்தார். அவர் சமாதியில் பதித்த கருங்கல் சென்னையிலிருந்து கப்பலேறிப் போனது. இருநூறு ஆண்டு கழித்து, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் அந்தக் கல்லை ஆராய்ந்து, பரங்கிமலை, பல்லாவரத்துப் பாறையும் அதுவும் ஒரே இனம் என்று கண்டு, சார்னக்கின் பெயரையே அந்தப் பாறைக்குச் சூட்டினார். 1900-ல் தென்னிந்தியாவின் இத்தகைய பாறைகள் அனைத்தையும் ஒரு குடும்பமாக வகுத்து நூலாக வெளியிட்டார். பல்லாவரத்தில் தலைமுறை தலைமுறையாகக் கல் உடைத்தவர்களின் பெயர் எதுவும் அதில் ஒட்டவில்லை. கல் ஏற்றுமதி செய்தது தமிழ்நாடு. பெயர் கிடைத்தது ஒரு கும்பினி வணிகருக்கு.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தக் கல் அன்னியமல்ல. உப்பளத்தில் தோண்டினால் மணலும் களியும்தான் வரும், பாறை கண்ணில் படாது. ஆனால் ஊரில் தளம் போடும்போது கொட்டப்படும் ஜல்லி மேற்கே, விழுப்புரம் மாவட்டத்துக் குவாரிகளிலிருந்து வருகிறது. திருவக்கரைக்கு வக்ரகாளியம்மனைக் கும்பிடப் போகிறவர்களுக்கு அங்குள்ள கல்மரப் பூங்காவும் தெரியும், சாலையைப் புழுதியாக்கும் டிப்பர் லாரிகளும் தெரியும். வட தமிழ்நாட்டின் அடித்தளப் பாறை சார்னோக்கைட்டும் நைஸ் என்ற வரிப்பாறையும் கலந்தது. கட்டட வேலை நடக்கும் எந்த இடத்திலும் ஜல்லிக் குவியலில் சிறிது கிளறினால் ஒரு துண்டு அகப்படும். உடைந்து நாளான முகம் துருப்பழுப்பு. புதிதாக உடைந்த முகம் பச்சையும் நீலமும் கலந்த கருமை. அதில் எண்ணெய்ப் பசை படிந்த மாதிரி ஒரு மினுமினுப்பு. வெள்ளையாக இருக்க வேண்டிய குவார்ட்ஸ்கூட நீலச் சாம்பலாகத் தெரியும். ஹைப்பர்ஸ்தீன் என்ற கருந்தாது அங்கங்கே சிறு கட்டிகளாக இருக்கும். அந்தத் தாது இருந்தால் பாறை உருவான இடத்தில் நீர் மிகக் குறைவு, வெப்பம் எழுநூறு எண்ணூறு டிகிரிக்கு மேல் என்று பொருள். புவியோட்டில் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் ஆழத்தில் வெந்த கல் அது. மேலே இருந்த அத்தனையும் தேய்ந்து கழன்ற பிறகுதான் நம் கைக்கு வந்திருக்கிறது.

அண்டார்டிகக் கல்லுக்கும் இந்தக் கல்லுக்கும் உள்ள உறவை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் கேம்பிரிட்ஜின் சி. ஈ. டில்லி. டக்ளஸ் மாசன் தலைமையில் 1929 முதல் 1931 வரை நடந்த பயணம் அண்டார்டிகாவின் எண்டர்பி நிலத்திலிருந்து பாறைத் துண்டுகளைக் கொண்டுவந்தது. அவற்றை ஆராய்ந்த டில்லி 1936-ல் ஒரு வகைக்கு எண்டர்பைட் என்று பெயரிட்டு, அது ஹாலண்ட் வகுத்த சார்னோக்கைட் குடும்பத்தின் புது உறுப்பினர் என்று அறிவித்தார். இப்போது தமிழ்நாட்டுப் பாறைகளைப் பற்றி எழுதுகிறவர்களும் நம் குன்றுகளில் பலவற்றை எண்டர்பைட் என்று குறிப்பிடுகிறார்கள். பல்லாவரத்துப் பெயர் தென்துருவத்துக்கும், தென்துருவத்துப் பெயர் நம்மூருக்கும் இப்படி மாறிமாறிப் பயணம் செய்திருக்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரு கற்கள் ஒரே மலையின் இரு துண்டுகளாக இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. சார்னோக்கைட் ஒரு சமையல் முறை மாதிரி. எங்கு அந்த வெப்பமும் வறட்சியும் கூடினாலும் அது உருவாகும். ஆகவே வயது பார்க்க வேண்டும். மாசன் சார்னோக்கைட்டின் வயது 95 முதல் 98 கோடி ஆண்டு. சென்னை, விழுப்புரம் பக்கத்துச் சார்னோக்கைட் சுமார் 250 கோடி ஆண்டுக்கு முன் வெந்தது. இரண்டும் நேரடி உடன்பிறப்பு அல்ல. மாசன் கல்லுக்கு நெருங்கிய உறவு ஆந்திரம், ஒடிசாவின் கிழக்குத் தொடர்ச்சி மலைகள்தான். அங்கேதான் அதே 95, 100 கோடி ஆண்டு வயதுப் பாறைகள் உள்ளன. இலங்கையின் மலையகப் பாறைகளுக்கு அண்டார்டிகாவின் லூட்சோ-ஹோல்ம் விரிகுடாப் பாறைகள் இணை. அவை சுமார் 55 கோடி ஆண்டுக் காலத்தவை. தமிழ்நாட்டின் வடபகுதிக் கல்லுக்கு இணை தேடினால் எண்டர்பி நிலத்தின் நேப்பியர் பகுதிக்குத்தான் போக வேண்டும். அங்கும் 250 கோடி ஆண்டுக்கு முன் பாறைகள் ஆயிரம் டிகிரிக்கு மேல் வெந்திருக்கின்றன. உலகிலேயே கண்டப் பாறை தாங்கிய உச்ச வெப்பங்களில் ஒன்று அது.

அந்த நேப்பியர் பகுதியில் சோன்ஸ் என்றொரு சிகரம். அதன் கல்லிலிருந்து எடுத்த சிர்க்கான் என்ற தாதுவின் மணிகள் சுமார் 390 கோடி ஆண்டு வயது காட்டின. பூமியின் வயதே சுமார் 454 கோடிதான். பின்னாளில் அதே பகுதிச் சிர்க்கான்களை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, உள்ளே நானோமீட்டர் அளவில் உருண்டை உருண்டையாக உலோக ஈயம் இருந்தது. யுரேனியம் சிதைந்து ஈயமாவதை வைத்துத்தான் சிர்க்கானுக்கு வயது கணிக்கிறார்கள். கடும் வெப்பத்தில் அந்த ஈயம் இடம் மாறி ஓரிடத்தில் திரண்டுவிட்டால், அந்த இடத்தை அளந்தவருக்கு வயது கூடுதலாகக் கிடைக்கும். ஒரு மணியின் ஒரு புள்ளியை அளந்து உலகின் மிகப் பழைய கல் என்று பறைசாற்றுவதில் உள்ள ஆபத்து அப்போது புரிந்தது. எனக்கு இந்த ஆய்வு மிகவும் பிடித்தது, காரணம் இது பழைய சாதனையை உடைக்கவில்லை, எவ்வளவு கவனமாக அதை வாசிக்க வேண்டும் என்று கற்றுத்தந்தது.

நேப்பியரும் நம் வட தமிழகமும் ஒட்டியிருந்தனவா? ஒட்டியிருந்திருக்கலாம் என்று சொல்லும் ஆய்வாளர்கள் பலர். ஆனால் உப்பளத்துக்கு எதிரே இருந்தது இந்தச் சிகரம்தான் என்று விரல் வைத்துக் காட்டுகிற வரைபடத்தை நான் நம்பமாட்டேன். இரு கண்டங்களும் பிரிந்த காலத்தில் உருவான கடல்தளத்தின் காந்த வரிகளைக் கொண்டுதான் பழைய நிலையை மீட்டமைக்கிறார்கள். எண்டர்பி கடற்பகுதியில் அந்த வரிகள் மங்கலானவை. அவற்றை எப்படி வாசிப்பது என்பதிலேயே ஆய்வாளர்களுக்குள் சண்டை. போதாக்குறைக்கு, சுமார் 12 கோடி ஆண்டுக்கு முன் தொடங்கி நெடுங்காலம் பூமியின் காந்தப்புலம் திசை மாறவேயில்லை, எனவே அந்தக் காலத்துக் கடல்தளத்தில் வரியே இல்லை.

பிரிவு தொடங்கியது ஏறத்தாழ 13 கோடி ஆண்டுக்கு முன். இழுபட்ட விளிம்பு பள்ளம் பள்ளமாக உடைந்து தாழ்ந்தது. அப்படித் தாழ்ந்தவற்றில் ஒன்றுதான் காவிரிப் படுகை. அதன் வடக்குப் பகுதிக்கு அரியலூர்-புதுச்சேரி உட்படுகை என்று பெயர். உப்பளம் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அடியில் ஆற்று வண்டல், கடலூர் மணற்கல், அதற்கும் கீழே கடல் படிவுகள், எல்லாவற்றுக்கும் அடியில் திருவக்கரையில் வெளியே தெரிகிற அதே கருங்கல். புதுச்சேரிக்கு ஒரு கடற்கரை இருப்பதும், நிலத்தடி மணற்கல்லில் குடிநீர் தேங்குவதும் அண்டார்டிகா விலகிப்போனதன் பயன். பிரிவின்போது நடுக்கடலில் தவறிப்போன ஒரு துண்டும் உண்டு. கெர்கேலன் தீவுகளுக்குத் தெற்கே எலன் திட்டு என்ற கடலடி மேட்டை 1998-99-ல் துளைத்தபோது, எரிமலைக் குழம்புக் கற்களுக்கு நடுவே, பழைய ஆறு உருட்டிவந்த கார்னெட் நைஸ் கூழாங்கற்கள் கிடைத்தன. கடல்தளத்தில் இருக்கக் கூடாத கண்டத்துக் கல். இந்தியாவின் கிழக்கு விளிம்பிலிருந்து கழன்ற சிறுகண்டம் அது என்பது ஆய்வாளர்கள் முடிவு.

இந்த இடத்தில் யாராவது குமரிக்கண்டத்தை இழுக்காமல் இருக்கமாட்டார்கள். மனித இனத்தின் வயது மூன்று லட்சம் ஆண்டு. இங்கே பேசுவது கோடிகளில். அண்டார்டிகா நம்மை விட்டுப் போனபோது பூமியில் ஆண்டது டைனோசர். இரண்டையும் ஒரே மேடையில் பேசுகிறவரிடம் கணக்கு கேட்கலாம்.

புதுச்சேரிக்கும் தென்துருவத்துக்கும் இன்னொரு தொடர்பு, இது பிரெஞ்சு வழி. பிரெஞ்சுக் கடற்பயணி துய்மோன் துய்ர்வில் 1837-ல் ஆஸ்ட்ரொலாப், ஸெலே என்ற இரு கப்பல்களோடு புறப்பட்டு, 1840 ஜனவரியில் அடேலி நிலத்தைக் கண்டார். கண்ணுக்கெட்டிய தூரம் பனிச்சுவர். நிலம் என்று நிரூபிக்கக் கல் வேண்டுமே. கரையோரத்தில் துருத்திய ஒரு சிறு பாறைத்தீவில் மாலுமிகள் ஏறிக் கல் உடைத்தார்கள், கொடி நட்டார்கள், பொர்தோ வைனைக் குடித்து மகிழ்ந்தார்கள். அந்த இடத்துக்கு நிலவியல் முனை என்றே பெயர் வைத்தார்கள். அந்தப் பயணத்தின் முடிவுகள் ‘தென்துருவப் பயணம்’ என்ற தலைப்பில் தொகுதி தொகுதியாக வெளிவந்தன. அதன் படத்தொகுதியில், அந்தக் கப்பல்கள் எட்டிப்பார்க்காத புதுச்சேரியின் புதைபடிவச் சிப்பிகளையும் நத்தைகளையும் தொல்லுயிரியலாளர் அல்சிட் தோர்பிஞி வரைந்து சேர்த்தார். பாரிஸில் இருந்த இந்தியப் படிவங்களுக்கு அப்போது கிடைத்த வாகனம் அது. ஆனால் பொருத்தம் பின்னால்தான் தெரிந்தது.

அதே காலத்தில், வழுதாவூர், சேதராப்பட்டுப் பக்கத்திலிருந்து கே, கன்லிஃப் என்ற இருவர் சேகரித்த படிவங்களை லண்டனில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-ல் விவரித்தார். சுருள் ஓட்டுக் கடலுயிர்களான அம்மோனைட்டுகளுக்கு இந்திரா, வருணா, சூர்யா, பிரம்மா என்று தெய்வங்களின் பெயரை வைத்தார். அரை நூற்றாண்டு கழித்து ஸ்வீடனின் ஓட்டோ நோர்டென்ஷோல்ட் குழு அண்டார்டிகத் தீபகற்பத்துக்கு அருகே ஸ்னோ ஹில், சீமோர் தீவுகளில் மாட்டிக்கொண்டது. கப்பல் பனியில் நொறுங்கி 1903-ல் மூழ்கியது. ஆட்களை அர்ஜென்டினாவின் போர்க்கப்பல் மீட்டது. அத்தனை அவதியிலும் அவர்கள் விடாமல் தூக்கிவந்த பெட்டிகளில் அம்மோனைட்டுகள் இருந்தன. கிலியனும் ரெபுலும் 1909-ல் அவற்றை விவரித்தபோது ஒப்பிட எடுத்த பெயர்களில் தென்னிந்தியாவுடையவை முக்கியமானவை. ஃபோர்ப்ஸின் ‘இந்திரா’ இன்று சேர்க்கப்பட்டுள்ள சூடோஃபில்லைட்டஸ் என்ற பேரினம் சீமோர் தீவிலும் உண்டு.

இரு கண்டங்களும் சேர்ந்திருந்ததற்கு இதை ஆதாரமாகக் காட்டுவது தவறு. ஏழு கோடி ஆண்டுக்கு முன், இந்த அம்மோனைட்டுகள் நீந்தியபோது, இந்தியாவும் அண்டார்டிகாவும் பிரிந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. நடுவில் பெருங்கடல் திறந்திருந்தது, அதில் உயிர்கள் போய்வந்தன. கல்லின் ஒற்றுமை சேர்ந்திருந்ததற்குச் சாட்சி, சிப்பியின் ஒற்றுமை பிரிந்ததற்குச் சாட்சி. இரண்டும் புதுச்சேரியைச் சுற்றி முப்பது நாற்பது கிலோமீட்டருக்குள் கிடைக்கின்றன.

சிகரங்கள் பழங்கதை மட்டும் சொல்வதில்லை. பனி எவ்வளவு உயரம் இருந்தது, எப்போது இறங்கியது என்பதையும் அவற்றின் சரிவே குறித்து வைத்திருக்கிறது. பனிவிரிப்பு தடித்திருந்த காலத்தில் அது சுமந்துவந்த கற்களை, மெலியும்போது சரிவில் விட்டுவிட்டு இறங்கும். வெளிச்சத்துக்கு வந்த கல்லின் மீது விண்வெளிக் கதிர் படும். குவார்ட்ஸில் உள்ள ஆக்சிஜன் அணுக்களில் சில பெரிலியம்-10 ஆக மாறும். அதை எண்ணினால் கல் எத்தனை ஆண்டாக வெளியே கிடக்கிறது என்று தெரியும். ஃப்ராம்னஸ் மலைகளில் ஆண்ட்ரூ மெக்கின்டோஷும் மற்றவர்களும் செய்த ஆய்வு 2007-ல் வெளிவந்தது. எஞ்சினில் எண்ணெய் அளவு பார்க்கச் செருகும் கம்பியின் ஆங்கிலப் பெயரையே அவர்கள் அந்தச் சிகரங்களுக்குத் தலைப்பில் வைத்தார்கள். கடந்த பனியுகத்தின் உச்சத்திலும் அங்கே உள்நாட்டுப் பனி அவ்வளவாகத் தடித்திருக்கவில்லை, கரையை ஒட்டித்தான் சில நூறு மீட்டர் கூடியிருந்தது என்பது முடிவு. இன்னொரு கணக்கேடு பறவையுடையது. பனிப்பெட்ரல்கள் கடலிலிருந்து நெடுந்தொலைவு உள்ளே பறந்துவந்து இந்தச் சிகரங்களின் பொந்துகளில் கூடு கட்டும். அன்னியர் வந்தால் வயிற்று எண்ணெயைக் கக்கும். அது கூட்டின் வாசலில் அடுக்கடுக்காக உறைந்துவிடும். அண்டார்டிகாவின் வேறொரு பகுதியான க்ரூபர் மலைப்பக்கத்து எண்ணெய்ப் படிவுகளில் 30,000 ஆண்டுக்கு மேற்பட்டவை உண்டு. அந்த இடம் அன்றிலிருந்தே பனிக்கு வெளியே இருந்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

இந்த அளவீடுகள் கடல்மட்டக் கணிப்புக்கு அடிப்படை. அண்டார்டிகப் பனி முழுதும் கரைந்தால் உலகக் கடல் சுமார் 58 மீட்டர் உயரும். அப்படி நடக்க நெடுங்காலம் ஆகும் என்றாலும், சில அடி உயர்ந்தாலே உப்பளம், வம்பாகீரப்பாளையம் போன்ற தாழ்ந்த பகுதிகளுக்குப் பிரச்சினைதான். அதற்காகப் புதுச்சேரியின் கடற்கரை மணல் காணாமற்போனதற்கு அண்டார்டிகாவைக் குறைசொல்ல வேண்டாம். அது 1980-களில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள் தெற்கிலிருந்து வந்த மணலை நிறுத்தியதால் விளைந்தது.

இந்தியா 1981-82-ல் எஸ். இசட். காசிம் தலைமையில் முதல் பயணம் போனது முதல், நிலவியல் ஆய்வுத் துறையினர் ஷிர்மாக்கர் பாறைவெளி, வோல்தாத் மலைகள், ஓர்வின் மலைகள் என்று சிகரம் சிகரமாக ஏறி வரைபடம் செய்திருக்கிறார்கள். இந்தியாவின் மைத்ரி நிலையத்துக்கு அப்பால் பனியில் தனித்து நிற்கும் பால்ஸ்ருட் சிகரமும் அவர்கள் பார்த்ததுதான். அண்டார்டிகாவில் தாது தோண்டுவதற்கு 1991-ன் மாட்ரிட் உடன்படிக்கை முழுத்தடை போட்டிருக்கிறது. அறிவியல் ஆய்வுக்கு மட்டுமே விலக்கு. ஒரு கைக்கல்லை எடுத்தாலும் இடம், உயரம், தேதி எழுதிப் பையில் போடுகிறார்கள். அதே இனக் கல்லை நாம் இங்கே கிரஷரில் போட்டு முக்கால் ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் ஆக்கிக்கொண்டிருக்கிறோம். வீடு கட்டக் கல் வேண்டும், அதில் தகராறில்லை. சேதராப்பட்டில் தொழிற்பேட்டை வேண்டும், அதிலும் தகராறில்லை. ஆனால் ஒரு குவாரி வெட்டி முடிந்து தண்ணீர் நிறைந்துவிட்டால், அந்தப் பாறைமுகத்தை இனி யாரும் பார்க்க முடியாது. பரங்கிமலைச் சார்னோக்கைட்டையும் திருவக்கரைக் கல்மரத்தையும் தேசிய நிலவியல் நினைவுச்சின்னம் ஆக்கியிருக்கிறார்கள். வழுதாவூர் அம்மோனைட் படிவுக்கும் அந்தப் பாதுகாப்பு வேண்டும். தமிழ்நாடு, புதுச்சேரி அரசுகள் குவாரி உரிமத்தோடு ஒரு நிபந்தனை சேர்க்கட்டும்: ஒவ்வொரு குவாரியிலிருந்தும் இடக்குறிப்போடு நாலு கைக்கல், மூடும் முன் பாறைமுகத்தின் ஒரு படம். வாங்கி வைக்கக் காலாப்பட்டில் பல்கலைக்கழகமும் அதில் புவி அறிவியல் துறையும் இருக்கின்றன. செலவு ஒரு லாரி ஜல்லியின் விலைகூட ஆகாது.